இரண்டாவதும் இருக்கிற ஊர்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் 1980களில் கட்டிய மூன்று மாடி அடுக்ககங்கள் இப்போது வரிசையாக இடிபடுகின்றன. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரு மனையில் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வழிவிட்டது. பில்டர் புது வீடு தருகிறார். கட்டி முடிக்கும்வரை, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு, மாத வாடகையும் தருகிறார். ஆனால் ஒரே தெருவில் நாலு கட்டடம் இடிந்தால் நாலு கட்டடத்துக்காரர்களும் அதே வட்டாரத்தில்தான் வாடகைக்கு அலைவார்கள். போதாக்குறைக்கு லஸ் முனையிலும் பனகல் பார்க் பக்கமும் மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு அப்போதுதான் எழுகிறது: "எப்படியும் ரெண்டு வருஷம் வெளியிலதான் இருக்கணும். கோயம்புத்தூர்லயோ திருச்சியிலயோ இருந்து பாத்தா என்ன?"

கேள்வி நியாயமானது. விசாரிக்கிற முறைதான் சரியில்லை. வாடகை என்ன, வெயில் எப்படி, தண்ணீர் வருமா என்று ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறோம். போகப்போகிற குடும்பத்தைப் பற்றி அதே அக்கறையோடு கேட்பதில்லை.

இந்தப் பேச்சு சென்னைக்குப் புதிதும் அல்ல. தி.நகரே ஒரு காலத்தில் குடிபெயர்ந்து போவதற்கென்று உண்டாக்கிய ஊர்தான். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். அடையாற்றில் காந்தி நகர் எழுந்தது 1940களின் இறுதியில். இந்தப் பகுதிகளில் வந்து குடியேறியவர்களில் கணிசமானோர் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து வக்கீல் தொழிலுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள். இன்று திருச்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிற பேரனின் தாத்தா அநேகமாக அங்கிருந்து ரயில் ஏறியவராக இருப்பார்.

எதிர்த்திசையிலும் ஒருமுறை ஊர் கிளம்பியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியதும் சென்னை கலைந்தது. அவசியமில்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. அலுவலகங்கள் பலவும் உள்மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன. கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுக் கும்பகோணம் போனவர்கள், அதே வீட்டைச் சகாய விலைக்கு வாங்கிப் போட்டவர்கள் என்று மயிலாப்பூர்க் குடும்பங்களில் இரண்டு வகைக் கதைகளும் உண்டு. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். குண்டு பயம் தெளிந்தது ஒரு காரணம். உள்ளூரில் செய்ய வேலை இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். 1983இல் தலைநகரையே திருச்சிப் பக்கம் மாற்றலாம் என்றார் முதல்வர் எம்.ஜி.ஆர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சமும் அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தது. யோசனை நிறைவேறவில்லை. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஓர் அரசாங்கம் போய்விடலாம். அரசாங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் அவ்வளவு சுலபமாகக் கூடவே போகாது.

சென்னையை விட்டுப் போக இப்போது சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் பாடம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எல்லாம் உண்மை. ஆனால் அதே 2023 டிசம்பரில், மிக்ஜாம் போன இரண்டே வாரத்தில், தாமிரபரணிக் கரை மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளத்துக்குப் பயந்து ஊர் மாறுகிறவர்கள் ஊரின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தாங்கள் பார்க்கும் மனை எந்த ஏரியின் வயிற்றில் இருக்கிறது என்று வருவாய்த் துறை வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இனி, நடுத்தர நகரம் என்பது எது? இதற்கு ஒரு விடையை அரசு தன் சம்பளப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது. ஒன்றிய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி மூன்று தரம். 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் முதல் தரம். தமிழ்நாட்டில் சென்னை மட்டும். 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை இரண்டாம் தரம்: கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு. தஞ்சாவூரும் கும்பகோணமும் மூன்றாம் தரம். 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவீதம். வருமான வரியின் பழைய முறையிலும் சென்னையில் வாடகைக்கு இருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை விலக்கு, கோவையில் 40. ஆக, ஊர் மாறினால் வாடகையில் மிச்சமாவதில் ஒரு பகுதியை அரசும் நிறுவனமும் கையோடு பிடித்துக்கொள்ளும். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் 'பாதி வாடகை' என்று மகிழ்ந்துபோகிறவர்கள் நிறைய.

2011 கணக்கெடுப்பில் கோவை நகரத்திரளின் மக்கள்தொகை 21.4 லட்சம், மதுரை 14.7, திருச்சி 10.2, சேலம் 9.2. அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால் 15 வருடப் பழைய எண்களை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறோம். இதன் விளைவு வெறும் புள்ளிவிவரக் குறை அல்ல. கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 2011 கணக்குப்படி மாநகரில் 20 லட்சம் பேர் இல்லை என்பது.

பத்திரிகைகளில் வரும் 'வாழச் சிறந்த நகரம்' பட்டியல்கள் இந்த விஷயத்தில் பெரிதாக உதவுவதில்லை. ஒன்றிய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட வாழ்வெளிமைக் குறியீட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் சென்னை நான்காவது, கோவை ஏழாவது. அதற்குக் குறைந்த நகரங்களின் பட்டியலில் சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. இதை நம்பினால் கோவையை விடச் சென்னையே மேல், போகவே வேண்டாம். குப்பை அள்ளுவது முதல் குடிமக்கள் கருத்து வரை எல்லாவற்றையும் கூட்டி ஒரு சராசரி எடுத்தால் இப்படித்தான் வரும். சராசரிக் குடும்பம் என்று ஒன்று ஆழ்வார்பேட்டையில் எந்த மாடியிலும் குடியிருக்கவில்லை.

எனக்குப் படுவது இது. பெருநகரம் குடும்பத்துக்குத் தருவது பிரமாதமான ஒன்றை அல்ல, இரண்டாவதை. ஒரு கம்பெனி வேலையை விட்டு அனுப்பினால் அதே சாலையில் இன்னொரு கம்பெனி. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்றால் வேறொருவரிடம் போய்க் கேட்க இன்னொரு டாக்டர். பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் ஒத்துவராவிட்டால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டில் இரண்டாவது சம்பளம். நடுத்தர நகரங்களில் முதலாவது இருக்கிறது, பல இடங்களில் சென்னையை விடச் சிறப்பாகவே இருக்கிறது. கண் சிகிச்சைக்கு 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த். எலும்பு முறிவுக்குக் கோவை கங்கா. எதற்கும் வேலூர் சி.எம்.சி. சென்னைக்காரர்களே ரயிலேறிப் போகும் இடங்கள் இவை. ஆழ்வார்பேட்டையில் இருக்கும் காவேரி மருத்துவமனை திருச்சியிலிருந்து வந்ததுதான். முதலாவதைப் பார்த்து மயங்கி முடிவெடுக்கிறோம். மூன்றாம் வருடத்தில் இரண்டாவதைத் தேடும்போதுதான் ஊரின் அளவு தெரிகிறது.

பொருளாதார அறிஞர்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். 1978இல் ஜேக்கப் மின்சர் குடும்பப் புலப்பெயர்வு பற்றி எழுதிய கட்டுரையில், குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபம் என்பதற்காகத் தன் வேலையை விட்டுக் கூடவே போகிறவர் ஒருவர் இருப்பார் என்று காட்டினார். தனியாளாக இருந்தால் அவர் போயிருக்கமாட்டார். 2000இல் டோரா கோஸ்டாவும் மாத்யூ கானும் அமெரிக்கக் கணக்கெடுப்புகளை 1940 முதல் 1990 வரை ஆராய்ந்து, கணவன் மனைவி இருவரும் பட்டம் பெற்ற குடும்பங்கள் மேலும் மேலும் பெருநகரங்களில் குவிவதைக் கண்டார்கள். அவர்கள் சொன்ன காரணம், இருவருக்கும் தகுந்த வேலை ஒரே ஊரில் கிடைப்பது அங்கேதான் சுலபம் என்பது. ஜப்பான் அரசு டோக்கியோவை விட்டு வெளியூர் போகும் குடும்பங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் குழந்தை ஒன்றுக்கு 10 லட்சம் யென் வரை தருகிறது. அப்படியும் டோக்கியோ காலியாகவில்லை.

நம் ஊரில் கூடவே போகிறவர் யார் என்று சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். கணவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆகவே 'எங்கே வேணாலும் இருக்கலாம்'. மனைவி மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியை, அல்லது நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினைந்து வருட சர்வீஸ். "அங்கேயும் ஸ்கூல் இருக்கே" என்று ஒரு வாக்கியத்தில் அது முடிந்துபோகிறது. அங்கேயும் பள்ளி இருக்கிறதுதான். பதினைந்து வருட சர்வீஸும் அதற்கேற்ற சம்பளமும் அங்கே காத்திருக்கவில்லை. ஊர் மாறுவது பற்றிய கணக்குத் தாளில் முதல் வரியாக வர வேண்டியது இது. நான் பார்த்தவரை பெரும்பாலும் கடைசி வரி, பல தாள்களில் அந்த வரியே இல்லை.

இந்த அளவுகோலோடு பார்த்தால் தமிழ்நாட்டில் தேறுவது முதலில் கோவைதான். பம்பு, வார்ப்படம், பஞ்சாலை என்ற பழைய தொழில்களோடு 2010இல் டைடல் பார்க் வந்தது. பெரிய மென்பொருள் நிறுவனங்களும் இருக்கின்றன. வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1945இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரக் கல்லூரிகள். மருத்துவமனைகளிலும் இரண்டாவது, மூன்றாவது உண்டு. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபிறகு ஆறு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். பாலம் இவ்வளவு நீளமாகத் தேவைப்படுகிற ஊரை நடுத்தர ஊர் என்று இன்னும் எத்தனை நாள் சொல்ல முடியும் என்பது வேறு விஷயம்.

ஆனால் மயிலாப்பூர்க் குடும்பம் கோவைக்குப் போகிறது என்றால் கோவைக்குள் எங்கே போகிறது? வடக்கு மாட வீதியில் இறங்கினால் காய்கறி, பூ, மருந்துக் கடை, பாங்க், டிபன், கோயில் எல்லாம் நடக்கிற தூரம். எழுபது வயது அம்மா யாரையும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார். கோவையில் இதற்குச் சமமான இடம் ராம் நகரும் ஆர்.எஸ்.புரமும். அங்கே வாடகை மலிவு என்று யாரும் சொல்ல முடியாது. 'பாதி வாடகை' கிடைப்பது வடவள்ளியைத் தாண்டியும் சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கமும். பெரிய ஹால், கார் நிறுத்த இடம், மாடியில் நின்றால் மேற்கே மலை. காய்கறி வாங்க வண்டி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆப்பில் ஆட்டோ கூப்பிடத் தெரிந்தாலும், கொத்தமல்லிக் கட்டுக்காக எழுபது ரூபாய் ஆட்டோவா என்று அவர் போகவேமாட்டார். மூன்று மாதத்தில் அவருடைய ஊர் ஹாலிலிருந்து மாடிவரை என்று சுருங்கிவிடும். வீட்டுக்கு இரண்டாவது வண்டி வாங்குவதைச் செலவில் சேர்ப்போம். அம்மா இழந்த நடையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் வீடு பார்க்கப் போகிற சென்னைக்காரர் "தண்ணி வருமா?" என்று கேட்பார். "வரும்" என்று பதில் வரும். கேள்வி அதுவல்ல. குழாய் இரண்டு: ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், அது எப்போதும் வரும், மற்றதில் சிறுவாணியோ பில்லூரோ நல்ல தண்ணீர், அது முறை வைத்து வரும். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை? எவ்வளவு நேரம்? கீழே தொட்டி எவ்வளவு கொள்ளும்?" இந்த மூன்றையும் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் உண்மை தெரியும். சிறுவாணி அணை கேரளத்துக்குள் இருக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் இடைவெளி நீளும். மனை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. சென்னையில் கிரவுண்டுக் கணக்கு, கோவையில் சென்ட். ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட். சென்ட் விலையைக் கேட்டுவிட்டு 'இவ்வளவு மலிவா' என்று வாய் பிளந்துவிட்டு, ராத்திரி பெருக்கிப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு.

திருச்சியைப் பற்றி எனக்கு ஒரு பட்சபாதம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காவிரி, கொள்ளிட மணலிலிருந்து வரும் தண்ணீர். எந்தத் திசையிலிருந்தும் வரும் ரயில்கள். வைகை, பல்லவன் என்று பகலிலும் மலைக்கோட்டை என்று இரவிலும் எழும்பூருக்கு வண்டி. 2024 ஜனவரியில் புது விமான முனையம், 2025இல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து நிலையம். மயிலாப்பூரிலிருந்து போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ரீரங்கம் என்பார்கள், அதில் அர்த்தமும் இருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் மாட வீதி வாழ்க்கை அப்படியே கிடைக்கும். அம்மாவின் நடை பிழைக்கும். பணி ஓய்வு பெற்ற தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் அவர்களுடைய பிள்ளைகளுக்கு. பெல், ரயில்வே, கல்லூரிகள் என்று திருச்சியின் நல்ல வேலைகள் பொதுத்துறையிலும் கல்வித்துறையிலும் குவிந்தவை. என்.ஐ.டி., 2011இல் வந்த ஐ.ஐ.எம்., சட்டப் பல்கலைக்கழகம் என்று நுழைவுத் தேர்வு எழுதி வருகிற பிள்ளைகளுக்குப் பெரிய வாசல்கள்; படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் அதே வாசல் வழியாக வெளியூர் போகிறார்கள். டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். நாற்பது வயதில் வேலை போனால், திருச்சியில் இரண்டாவது கம்பெனி என்பது பல தொழில்களில் சென்னைக்கு எடுக்கும் டிக்கெட்தான்.

மதுரையை இந்தப் பேச்சில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். மயிலாப்பூருக்கு அது நியாயமில்லை, ஏனென்றால் மயிலாப்பூரின் பழைய தொழில் வக்கீல் தொழில். 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபின், சென்னைக்கு வெளியே உயர் நீதிமன்ற வழக்கறிஞராகப் பிழைக்க முடிகிற ஒரே ஊர் அதுதான். தென்மாவட்ட வழக்குகள் அங்கே. வாதாடுகிற கூட்டமும் ஒப்பீட்டளவில் குறைவு. தொழிலைப் பொறுத்து ஊர் எப்படித் தலைகீழாக மாறுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். மென்பொருள்காரருக்குக் கடைசி இடத்தில் இருக்கிற ஊர் வக்கீலுக்கு முதலிடம். மற்றபடி எய்ம்ஸ் வருகிறது என்பதற்காக மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு தேதி: அதற்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி. வரப்போகிற திட்டத்தை நம்பிக் குடும்பத்தை நகர்த்தக் கூடாது. வந்தபிறகு விலை ஏறியிருக்கும் என்றாலும்கூட.

சேலமும் ஈரோடும் வியாபாரக் குடும்பங்களுக்கு. மாதச் சம்பளக்காரர் அங்கே போய் என்ன செய்வார் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024 செப்டம்பரில் சிறிய டைடல் கட்டடங்கள் திறந்திருக்கின்றன. முதலாவது வந்திருக்கிறது, இரண்டாவதற்குப் பொறுக்க வேண்டும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ இருப்பதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த நிறுவனத்தில் இருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. அதை விட்டு விலகினால் தென்காசியில் மலையும் சாரலும் மட்டும் மிச்சம்.

மாநிலத்துக்கு வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் மைசூரைச் சொல்வார்கள். தட்பவெப்பம் அருமைதான். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளைக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. வெளியே படித்தால் தேவை. கர்நாடகம் 2015இல் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டு வருடத்தில் கன்னடத்தில் சண்டை போடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தலைமேல் விழும் கூடுதல் பாடம்.

வீடு பிடிக்கிற விஷயத்தில் சென்னைப் பழக்கம் வெளியூரில் அப்படியே செல்லாது. வாடகைச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுமாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. மதுரையிலும் திருச்சியிலும் ஒத்திக்கு வீடு என்ற வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலிசெய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கையில் பணம் இருப்பவருக்கு லாபம் போலத் தெரியும். வீட்டின் மேல் பாங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்காமல் ஒத்திப் பணம் கொடுப்பது தூண்டிலைத் தெரிந்தே விழுங்குவது.

இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை. மயிலாப்பூரில் 'வெஜிடேரியன் மட்டும்' என்று போர்டு மாட்டி நாசூக்காகச் செய்வதை, வெளியூர்களில் வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிடுவார்: "நீங்க என்ன ஆளுங்க?" கேள்வி ஒன்றுதான், கேட்கிற தோரணை வேறு. மயிலாப்பூரில் அந்தப் போர்டால் பயனடைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி முதல்முறையாகக் குத்தும். தென்சென்னையில் வீடு கிடைக்காமல் அலைந்து பழகிய தலித், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஊர் மாற்றம் இன்னும் கடினம். சென்னையில் பத்துப் பேர் மறுத்தால் பதினோராவது வீடு உண்டு. சிறிய ஊரில் புரோக்கரின் பட்டியலே பத்து வீடுதான். நகரத்தின் அளவு ஒருவிதப் பாதுகாப்பும்கூட என்பது அங்கே தெரியும்.

பள்ளிக்கூட நாட்காட்டிதான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையை நடுவில் பிடுங்குவதைவிடப் பத்தாவது பரீட்சை முடியும்வரை காத்திருப்பதே நல்லது, பில்டர் கெடு விதித்தாலும் சரி. பத்து முடிந்ததும் பதினொன்றில் சேரும்போது எப்படியும் பள்ளி மாறுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். புதுப் பையன் தனியாளாக நிற்கமாட்டான். நல்ல பள்ளிகளில் அந்தச் சேர்க்கைக்கான விசாரணை பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும், ஆகவே தை மாதத்திலேயே ஒருமுறை போய்க் கேட்டுவிட வேண்டும். போகும்போது மனைவியின் வேலைக்கான விண்ணப்பத்தையும் அம்மாவின் மருத்துவக் கோப்பையும் எடுத்துப் போங்கள். மூன்றையும் அந்த ஊரில் இரண்டிரண்டு இடத்தில் காட்டிவிட்டு வந்தபிறகு வாடகையைப் பேசிக்கொள்ளலாம்.